பசியை ஊசியில் ஏற்றிய காலை

சிம்மக்கல்லில் ஒரு பாத்திர மொத்தக் கடையில் எனக்கு வேலை. இரண்டே வருஷத்தில் முகம் உப்பி, வயிறு முன்னால் தள்ளி, அதில் கருஞ்சிவப்பாகக் கோடுகள் விழுந்தன. கைகால் மட்டும் மெலிந்துகொண்டே போனது. மாடிப்படி ஏறத் தொடையில் வலு இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் வாயைக் கட்டச் சொன்னார்கள். கட்டித்தான் பார்த்தேன். முற்பகலிலேயே கை நடுங்கப் பசிக்கும். சரக்கு அறைக்குள் போய் ஒளிந்துகொண்டு பன் தின்பேன். தின்றுவிட்டு அழுவேன்.

சர்க்கரை நோய்க்காகப் போன ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் மிளகளவு கட்டி. அதனால் கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறதாம்.

ஆபரேஷனுக்கு முன்னால், நான் சம்மதித்தால், ஆராய்ச்சிக்காக ஒரு சோதனை செய்யலாம் என்றார். வயிறு காலியானால் மூளைக்குச் சொல்லிப் பசியைக் கிளப்புகிற ஹார்மோன் ஒன்று உண்டு. அதை ஊசியில் ஏற்றி, மற்ற ஹார்மோன்கள் எப்படி ஏறுகின்றன என்று பார்ப்பார்கள். சரி என்றேன்.

வெறும் வயிற்றோடு படுத்திருந்தேன். ஊசி போட்டதும் முகம் சூடானது. பிறகு அப்படியொரு பசி. பக்கத்தில் என் வீட்டுக்காரர்.

"என்னங்க, பசிக்குது."

"எம்புட்டு?"

"உங்களையே தின்னுருவேன்."

ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா சொன்னார்: "நல்லா இருக்கிறவங்களுக்கு இந்த ஊசியில கார்டிசால் கொஞ்சம்தான் ஏறும். உங்களுக்கு எகிறியிருக்கு."

வீட்டுக்காரர் தயங்கிக் கேட்டார். "அப்ப, இவ கண்டபடி சாப்பிட்டதுனால வந்தது இல்லையா டாக்டர்?"

"இல்லைங்க. நோயாலதான் இந்தப் பசியே."

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்காரர் வண்டியை நேராக ஓட்டலுக்கு விடச் சொன்னார். பொங்கல் சாப்பிட்டு முடித்ததும், "இன்னொரு பிளேட் சொல்லவா?" என்றார். குரலில் கேலி இல்லை.

மூக்கு வழியாகவே கட்டியை எடுத்தார்கள். கார்டிசால் திடீரென்று குறைந்ததில் மாத்திரையும் மூட்டுவலியுமாகப் பல மாதம் போனது. முகம் மெல்ல மெல்லப் பழையபடி ஆனது.

சமீபத்தில் சோழவந்தானில் ஒரு கல்யாணம். பந்தியில் சோற்று வாளியோடு வந்தவர் குனிந்து, "இன்னுங் கொஞ்சம் வைக்கவா?" என்றார்.

"போதும்ணே."

மரியாதைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே வயிறு நிறைந்திருந்தது. இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.