உத்தரவு அறுந்த இடம்

ஈரத்துணி கையில் இருந்தது. அதை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. ஐந்தரை வயதில், தம்பியின் தொட்டிலருகே நான் அப்படி நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் என் முதல் தெளிவான நினைவு. அம்மா கொல்லையிலிருந்து ஒரே மூச்சில் சொல்லியிருந்தாள்: "தொட்டில்ல இருக்கற துணிய எடுத்து வாளில போட்டுட்டு, கொடியில காயறத எடுத்தாந்து குடு." துணி, வாளி, கொடி எல்லாமே காதில் விழுந்தன. தொட்டிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் துணி மட்டும்தான் மிச்சமிருந்தது. அதை மறதி என்றுகூடச் சொல்ல முடியாது. என்னிடம் ஏதோ சொல்லப்பட்டது என்பது மட்டும் தெரியும். அது என்ன என்று தேடப்போனால் அங்கே ஒன்றும் இருக்காது.

அம்மா வந்து பார்த்தாள். விசிறிக் காம்பால் கெண்டைக்காலில் இரண்டு அடி விழுந்தது. "கல்லு மாதிரி நிக்கறத பாரு. எல்லாம் திமிரு!"

நான் பேச ஆரம்பித்ததே தாமதம். நாலு வயதுக்கு மேல்தான் வாக்கியம் வந்ததாம். அதிலும் எழுத்துகள் இடம் மாறும். குதிரையைத் திகுரை என்பேன். ஜோகுபாளையத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் பிள்ளைகள் எல்லோரும் என்னைத் திகுரை என்றே கூப்பிட்டார்கள். எதிர்வீட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் உருது, எங்கள் வீட்டில் தமிழ். இத்தனை பாஷை காதில் விழுந்தால் பிள்ளை குழம்பாதா என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். ஆனால் என்னைக் கேலி செய்த பிள்ளைகள் அந்த மூன்று பாஷையிலும் சரளமாகத்தான் கேலி செய்தார்கள். அம்மா வசம்பைச் சுட்டு என் நாக்கில் தடவினாள். அல்சூர் கோயிலில் வேண்டிக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. கைக்குழந்தையோடு தனியாகத் திணறிக்கொண்டிருந்தவள், மூத்தது வேண்டுமென்றே தன்னை எதிர்க்கிறது என்று நம்பிவிட்டாள்.

அப்பா பட்டாளத்தில் ஹவில்தார். ஏரிப்பக்க மைதானத்தில், புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குக் கவாத்தும் மண்வெட்டும் வேலையும் பழக்குவது அவர் பொறுப்பு; பையன்கள் அவரை உஸ்தாத் என்பார்கள். அன்று வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"அடிக்காத. அது திமிர் இல்ல."

"பின்ன இன்னாவாம்?"

"உத்தரவு பாதியில அறுந்துபோச்சு அவளுக்கு."

அப்புறம் என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "பாப்பா, துணிய வாளில போடு" என்றார். போட்டேன். "கொடிகிட்ட போ." போனேன். "காஞ்சத எடு." எடுத்தேன். "அம்மாகிட்ட குடு." கொடுத்தேன். அம்மா துணியை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். தம்பி அழ ஆரம்பித்த பிறகுதான் நகர்ந்தாள்.

அப்பாவுக்கு இது எப்படிப் புரிந்தது என்பதைப் பல வருஷம் கழித்து அவரே சொன்னார். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையன் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். உத்தரவெல்லாம் இந்துஸ்தானியில் வரும். எல்லோரும் திரும்பி நடக்க, அவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். திமிர் என்று நினைத்து, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார் அப்பா. அவன் மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பியபோது, "முதல் வார்த்தைய புடிக்கறதுக்குள்ள மூணாவது வந்துடுது, உஸ்தாத்" என்றானாம். "அன்னிக்குத் தொட்டில்கிட்ட உன்னைப் பாத்தப்ப, அவன் மூஞ்சி தெரிஞ்சுது" என்றார் அப்பா. சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

மறு வருஷம் அல்சூரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் கண்டிப்பானவர். "பலகைய துடைச்சு, அ முதல் எழுதி, பக்கத்துல இருக்கறவகிட்ட காட்டிட்டு என்கிட்ட கொண்டா" என்பார். நான் பலகையைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். பெஞ்சு மேல் நிற்பது எனக்குப் பழகிப்போனது. மூன்றாம் மாதம் அம்மாவைக் கூப்பிட்டு, "இதுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது. அழைச்சிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

மறுநாள் காலை அப்பா பட்டாளத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, பட்டாள உடுப்போடு என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தார். டீச்சரைத் திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "டீச்சரம்மா, நான் ஒண்ணு சொல்றேன். தப்பா எடுத்துக்காம அப்படியே திருப்பிச் சொல்றீங்களா?" என்றார். டீச்சர் புரியாமல் தலையாட்டினார்.

"பேல்ச்சா உட்டாவ், தாஹினே முடோ, தஸ் கதம் சலோ, மிட்டி காட்டோ."

மண்வெட்டியை எடுத்து, வலப்பக்கம் திரும்பி, பத்தடி நடந்து, மண்ணை வெட்டு என்கிற உத்தரவு அது. டீச்சர் சிரித்தார். "எனக்கு இந்துஸ்தானி வராதே."

"அர்த்தம் வேணாம்மா. காதுல விழுந்தத மட்டும் சொல்லுங்க."

"பேல்ச்சா..." என்று ஆரம்பித்தவர் நின்றார். "கடைசியில ஏதோ மிட்டின்னு வந்துது." அவர் முகம் சிவந்துவிட்டது.

"எம் பொண்ணுக்குத் தமிழே அப்படித்தாம்மா வருது" என்றார் அப்பா. "உங்க மேல தப்பில்ல. அவ மேலயும் இல்ல. ஒண்ணொண்ணா சொல்லுங்க. சொன்னத அவ வாயால ஒருவாட்டி சொல்லவிட்டு, அப்புறம் செய்யவிடுங்க."

"அம்பது பிள்ளைங்கள வெச்சிருக்கேன், ஹவில்தார்."

"எனக்கு அறுபது, டீச்சரம்மா."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஒரு மாசம் பார்க்கறேன்" என்றார்.

அந்த மாதம் முடிந்தது எனக்குத் தெரியாது. டீச்சர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னை முதல் வரிசைக்கு மாற்றி உட்காரவைத்தார். "பலகைய துடை" என்பார். துடைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். "எழுது" என்பார். வாரங்கள் போகப்போக இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னார். முதலில் சொன்னதை நான் உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொள்ள வேண்டும். அது குற்றமில்லை என்று வகுப்பிலேயே சொல்லிவைத்தார். வீட்டில் அம்மா, "இன்னா சொன்னேன், சொல்லு" என்று ஆரம்பித்தாள். தொடக்கத்தில் அது மிரட்டலாகத்தான் இருந்தது. பிறகு என் உள்ளங்கையில் ஒரு விரல் வைத்தால் ஒரு வேலை, இரண்டு விரல் வைத்தால் இரண்டு வேலை என்று அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அடித்ததற்கு அவள் வருத்தம் சொன்னதில்லை. விசிறியை மட்டும் அதன் பிறகு என் பக்கம் ஓங்கியதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஒன்றாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தேன். வாய்ப்பாடு கடைசிவரை வரவில்லை. ஆனால் படிக்க வந்தது. படிக்க வந்த பிறகு சொற்கள் காகிதத்தில் நின்றன, ஓடிப்போகவில்லை. பள்ளிப் படிப்பை முடித்து, ஒரு தொழிற்சாலையில் கம்பிச் சுருள் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை விவரத்தை அட்டையில் எழுதிக் கண்ணெதிரே மாட்டியிருப்பார்கள். முப்பது வருஷம் அங்கே நல்ல பெயரோடு இருந்தேன்.

போன மாதம் என் மகனும் நானும் பேரனைப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அழைத்துப் போனோம். அவனுக்கும் ஐந்து வயது. இரண்டு வேலை சொன்னால் ஒன்றோடு நின்றுவிடுகிறான். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "யாருக்கும் இல்லைங்க" என்றான் என் மகன். பாவம், அவனுக்குத் தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு நான் யாரிடமும், என் கணவரிடம்கூட, சொன்னதில்லை.

"எனக்கு இருந்தது" என்றேன்.

மகன் திரும்பிப் பார்த்தான். "உனக்காம்மா?" அந்தப் பெண் பேனாவை எடுத்துக்கொண்டு, "யாராவது உதவி பண்ணாங்களா?" என்று கேட்டாள். என் அப்பா என்ன செய்தார் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் எழுதி முடிப்பதற்காக ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, ஒன்றொன்றாகச் சொன்னேன். பேரன் என் மடியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.