தாயைப் பார்த்து வாங்கிய நாய்க்குட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் சடைநாய் வளர்ப்பது ஒரு பவிசு. டாக்டர் வீட்டில் ஒன்று, மில் மேனேஜர் வீட்டில் ஒன்று. பாமரேனியன் என்று வாய் நிறையச் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு அது வந்ததற்குப் பவிசு காரணமில்லை. பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்குப் பிறந்த பெண் குழந்தை அன்று இரவே போய்விட்டது. நான் மயக்கத்தில் கிடந்தேன். பெற்றவள் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்து, எனக்குக் காட்டாமலே கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. "அது", "அந்த விசயம்" என்பதோடு சரி. நான் அழவில்லை. சோறு பொங்கினேன், துணி துவைத்தேன், தலைவாரிப் பூ வைத்தேன். பார்க்க வந்தவர்கள் நான் தேறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். உண்மையில் மரத்துப்போன காலை மடக்கி உட்கார்ந்திருப்பது மாதிரிதான் இருந்தேன். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது: அவள் முகம் எப்படி இருந்தது? பார்த்தவர் என் வீட்டுக்காரர். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவர் உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவரும் என்னைப் பற்றி அப்படியே நினைத்திருக்கிறார். நல்ல ஜோடிதான் நாங்கள்.

வீட்டில் ஒரு உயிர் நடமாடினால் எனக்கு நல்லது என்று மாமனாருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் நாகலாபுரம் பக்கத்துச் சம்சாரி, காடு உழுது பிழைப்பவர். காளை பிடிக்க எட்டயபுரம் சந்தைக்குப் போனவர், திரும்பும்போது தோள் துண்டுக்குள் ஒரு வெள்ளைக் குட்டியைச் சுருட்டிக் கொண்டுவந்தார். கூடையில் நாலைந்து குட்டிகளைப் போட்டு ஒருவன் விற்றானாம்.

"சும்மா தூக்கிட்டு வரலம்மா. சுழி பாத்துல்லா எடுத்தேன்" என்றார்.

எங்கள் கரிசல் காட்டில் மாடு பிடிப்பவர்கள் முதலில் பார்ப்பது சுழி. உடம்பில் மயிர் எந்த இடத்தில் எப்படிச் சுழிந்திருக்கிறது என்பதை வைத்து, அந்த மாடு குடும்பத்தை வாழவைக்குமா, கவிழ்க்குமா என்று சொல்லிவிடுவார்கள். மாமனார் அதில் பெரிய கை. நாய்க்குட்டியையும் அப்படியே பார்த்திருக்கிறார். கூடையில் கொஞ்சம் மூத்த குட்டி ஒன்று துள்ளித் துள்ளி வெளியே விழுந்ததாம். அதற்கு முதுகில் பாடைச்சுழி, ஆகாது என்று தள்ளிவிட்டார். எங்களுக்கு வந்ததற்கு நெற்றியில் ராஜசுழி. ஆடாமல் அசையாமல் கிடந்தது. சாதுவான குட்டி என்று அதற்கும் ஒரு மார்க் போட்டிருக்கிறார்.

தாய் எங்கே என்று அவர் கேட்கவில்லை. சந்தையில் காளை பிடிக்கிறவன் தாய்ப்பசுவைக் கேட்பதில்லை. வளர்ந்த மாடு, கேட்டு என்ன ஆகப்போகிறது? அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. குட்டிக்கு அப்போதுதான் கண் திறந்திருந்தது. பல் முளைக்கவில்லை. தட்டில் ஊற்றிய பாலில் மூக்கை வைத்துவிட்டுத் தும்மியது. பேனாவுக்கு மை ஊற்றும் பில்லர் ஒன்றைக் கழுவி அதில் பால் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மடியில் போட்டால் சட்டையை முட்டி முட்டித் தேடும். தேடி அலுத்து முனகும். அந்த வாரத்துக்குள் வயிற்றால் போய்ச் செத்துவிட்டது.

"சுழி சரியாத்தான இருந்துச்சு" என்று மாமனார் இரண்டு நாள் புலம்பினார். பாவமாகத்தான் இருந்தது, அவரைப் பார்க்க. குட்டிக்காக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பில்லரைக் கழுவிக் காயவைத்தேன். தோன்றவில்லையே என்று ஒரு பயம் மட்டும் வந்தது. இனிமேல் எது நடந்தாலும் இப்படித்தான் இருப்பேனோ என்று.

என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கூட வேலை பார்த்தவர் ஒருவர் வீட்டில் நல்ல சடைநாய் இருந்தது. ஓட்டப்பிடாரத்தில் கவர்மெண்ட் உத்தியோகம் பார்க்கும் ஒரு அக்காவிடம் வாங்கியதாம். எங்களுக்கும் ஒரு குட்டி வேண்டும் என்று இவர் அவர் மூலமாகச் சொல்லி அனுப்பினார். வளர்க்கப் போறவங்க நேரில் வந்தால்தான் பேச்சு என்று அந்தம்மா பதில் சொல்லி அனுப்பியது. வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. போனோம்.

அந்த அக்கா எங்களை உட்காரச் சொல்லவே நேரம் எடுத்துக்கொண்டாள். வெடுக்கென்ற பேச்சு.

"பகல்ல வீட்ல யாரு இருக்கா? கட்டிப் போடுவீங்களா, அவுத்து விடுவீங்களா? சித்திரை வெயில்ல இவ்வளவு சடையோட எங்கன கிடக்கும்? தண்ணிக்கு என்ன செய்யுதீங்க?"

என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் இதில் பாதிகூடக் கேட்கவில்லை. அக்கா கேட்டதற்கெல்லாம் என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். நான் சுவரோரம் இருந்த தாய்நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பக்கவாட்டில் படுத்திருந்தது. மூன்று குட்டிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு பால் குடித்தன.

"தாயப் பாத்துக்கோங்க. கண்ணுல பீளை இருக்கா, சொறி இருக்கா, ஆளக் கண்டு பயப்படுதா, எல்லாம் பாருங்க. தகப்பன் எங்க சித்தி வீட்ல நிக்கான், வேணும்னா அதையும் போயிப் பாருங்க. வருசத்துக்கு ஒரு ஈத்துதான் விடுதேன். இப்பக் கேட்டாத் தரமாட்டேன். தானாச் சோறு திங்கணும், ஊசி போடணும். அதுக்குப் பெறகுதான்."

"எப்ப வரணும்?" என்றார் இவர்.

"இடையில ஒண்ணுரெண்டு தடவ இந்தப் பிள்ளை வந்துட்டுப் போகட்டும். தாய்க்கு இவிய மோப்பம் பழகட்டும்" என்று என்னைக் காட்டினாள்.

வேறு வேலை இல்லாததால் போனேன். பஸ் ஜன்னல் வழியாகப் பருத்திக்காடு போய்க்கொண்டே இருக்கும். அங்கே போய் அந்த நாய்க்குப் பக்கத்தில் உட்கார்வேன். அக்கா அவள் பாட்டுக்குத் துணி மடிப்பாள். தேறிவிட்டாயா என்று கேட்காத ஒரே வீடு அதுதான். நாய் முதலில் உறுமியது, அப்புறம் முகர்ந்தது, அப்புறம் என்னைச் சட்டைபண்ணவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

குட்டியை எடுக்க நாங்கள் இருவரும் போன அன்று தாய் உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. நான் பிளாஸ்டிக் கூடையில் பழைய துண்டை விரித்துக் கொண்டுபோயிருந்தேன். தாய் பார்ப்பதற்குள் கிளம்பிவிடலாம் என்று இவர் குட்டியைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தார். நல்ல எண்ணத்தில்தான்.

"கீழ விடுங்க தம்பி" என்று அக்கா அதட்டினாள். "அவ பாக்கணும்."

"பாத்தா கஷ்டப்படுமேன்னு…"

"பாக்கலன்னாத்தான் கஷ்டம். மூலை மூலையாத் தேடிட்டு அலையும். போன ஈத்துல ஒருத்தர் அப்படித்தான் தூக்கிட்டுப் போயிட்டார். அது கதவப் பிறாண்டிப் பிறாண்டிக் காலெல்லாம் ரத்தம். அதுல இருந்து தாய்கிட்டக் காட்டாம நான் யாருக்கும் குடுக்குறதில்ல."

தாயைக் கூப்பிட்டாள். அது வந்து குட்டியை முகர்ந்தது. காது, வயிறு, வால் என்று எல்லா இடமும் முகர்ந்தது. தள்ளிப் புரட்டி நக்கியது. நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தோம். அவசரமே இல்லை அதற்கு. கடைசியில் அதுவாகவே நகர்ந்து, மிச்சக் கஞ்சியைக் குடிக்க உள்ளே போனது.

"எனக்குக் காட்டலக்கா" என்றேன்.

அக்காவுக்குப் புரியவில்லை. "என்னத்தக் காட்டலங்க?" என்றாள். இவர் குனிந்து கூடைத் துண்டைச் சரிசெய்துகொண்டே, "எங்களுக்கு ஒரு பிள்ளை பொறந்து தவறிட்டு. இவளுக்குக் காட்டாமக் கொண்டு போயிட்டோம்" என்றார். பிள்ளை என்று அவர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அக்கா உள்ளே போய் எங்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டுவந்தாள்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. குட்டி என் மடியில், கூடைக்குள் தூங்கிவிட்டது. பசுவந்தனை தாண்டியதும் கேட்டுவிட்டேன்.

"யாரு மாதிரி இருந்தா?"

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தலை நெறைய முடி" என்றார். "நம்ம ரெண்டு பேரு நெறமும் இல்ல, உங்க அம்மா நெறம். மூக்கு உன்னுதுதான். கைய இறுக்கி மூடியிருந்தா. நான் ஒரு விரலைப் பிரிச்சுப் பார்த்தேன். நகம்லாம் இருந்துச்சு. அதுக்குள்ள அப்பா போதும்னு என் கையில இருந்து வாங்கிட்டாரு."

என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. அவரிடம் சொல்ல அவ்வளவுதான் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.