பெரியப்பா போஸ்டரில் ஒரு வார்த்தை

போன செவ்வாய்க்கிழமை காலை. இட்லிப் பொட்டலத்தோடு பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன். வாசலில் பலசரக்குக் கடை அண்ணாச்சி, ரோஜா மாலையோடு பெரியம்மா எதிரில் நிற்கிறார்.

"யக்கா, பஸ் ஸ்டாப்புல போஸ்டரப் பாத்தேன். அடக்கம் எத்தன மணிக்கு?"

யாருக்கு அடக்கம்? நாற்பது வருஷத்துக்கு முன்னால் கொழும்புக் கலவரத்தில் செத்துப்போன என் பெரியப்பாவுக்கு!

அண்ணாச்சி மேல் தப்பில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தால் நம் ஊரில் யார் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்? பேரைப் படிப்போம், மாலை வாங்குவோம். மில்லர்புரம் பஸ் ஸ்டாப்பில் அந்த போஸ்டர் வந்ததற்குக் காரணம்... அடியேன்தான்.

ஜெசிந்தா என்று ஓர் இளம் ஓவியர். படம் வரைய மாட்டாள், எழுத்து மட்டும்தான். கொழும்புக்குப் பிழைக்கப் போய்க் கலவரத்தில் செத்த நம்மூர்க்காரர்களுக்கு இப்போது போஸ்டர் ஒட்டுகிறாள். கறுப்புத் தாள், வெள்ளை எழுத்து. போட்டோ கிடையாது. பெயர், பார்த்த வேலை, கடைசியில் ஒரே வரி — 'தமிழர் என்பதற்காகக் கொல்லப்பட்டார்.'

பெரியப்பா பெயரை நான்தான் கொடுத்தேன், பெரியம்மாவைக் கேட்காமலே. உடல்கூட வந்து சேராத சாவு. வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம். அந்த வரியை அவள் தாங்குவாளா? ஜெசிந்தாவிடம் கெஞ்சி, பெரியப்பாவுக்கு மட்டும் 'காலமானார்' என்று மாற்றச் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள். மாற்றினாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே சரியில்லை.

இப்போது மாலையே வீடு தேடி வந்துவிட்டது. நான் ஏதோ உளறப் பார்த்தேன்.

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்றாள் பெரியம்மா.

பீரோவிலிருந்து பெரியப்பா போட்டோவை எடுத்து நாற்காலியில் வைத்தாள். அண்ணாச்சி மாலை போட்டார். அவள் அழுதாள். நானும்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆட்டோ கூப்பிடுலே, நான் அந்த போஸ்டரப் பாக்கணும்" என்றாள்.

பஸ் ஸ்டாப் சுவரில் இரண்டு போஸ்டர்கள். பக்கத்தில் இருந்தது வேறொருவருடையது. இரண்டையும் விரல் வைத்துப் படித்தாள்.

"ஏலே, இவரக் கொன்னுருக்காங்க. ஒங்க பெரியப்பா மட்டும் காய்ச்சல்லயா போனாரு?"

அந்த வரியைத் தாங்க முடியாதவன் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேயே ஜெசிந்தாவுக்கு போன் போட்டேன்.

"'கொல்லப்பட்டார்'னு மொதல்ல அடிச்சது அப்படியே இருக்கு சார். எப்ப கூப்பிடுவீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

அரை மணி நேரத்தில் வந்துவிட்டாள். பசை தடவியது நான். ஒட்டியது பெரியம்மா.