இஸ்திரி அக்காவின் மூக்கு

பெரியவர்களுக்கு அவள் இஸ்திரி அக்கா. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் மூக்கக்கா. துவைத்த சட்டைதான் என்றாலும், சூடு பட்டு ஆவி கிளம்பும்போது நூலுக்குள் பதுங்கியிருந்த சிகரெட் வாடை வெளியே வந்துவிடும். கழுகுக்கு மூக்கில் வேர்த்தாற்போல அவளுக்கு உடனே தெரிந்துவிடும். சாயங்காலத்துக்குள் அந்தப் பிள்ளையின் அம்மா காதில் போட்டுவிடுவாள்.

அவள் புருஷனை அந்தச் சிகரெட் சனியன்தான் கொண்டுபோனது. அப்போது மகளுக்கு நாலு வயசு. பிஞ்சு மனசு நோகக் கூடாதென்று, "காய்ச்சல்ல போயிட்டாருடா" என்று சொல்லிவைத்தாள். அந்தப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. ஊரார் பிள்ளைகளைத்தான் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுக் காத்தாள். பையில் மிட்டாய்க் காகிதம் கிடந்தால்கூட, எந்த வாடையை மறைக்க இந்த மிட்டாய் என்று யோசிக்கிற மனசு அது.

அன்றைக்குக் காலையில் எதிர்வீட்டு டீச்சர் இஸ்திரிக் கடைக்கு வெறும் கையோடு வந்தார்.

"என்ன டீச்சர், பையனோட யூனிபார்ம் வரலியா?"

"அத ஏன் கேக்கறீங்க! நீங்க போன மாசம் சொன்னீங்கல்ல, அதுலேர்ந்து நல்ல புள்ளையாயிட்டான். அவனே துவைச்சு, அவனே தேய்ச்சுக்கறான். உங்க பொண்ணு மாதிரியேதான் அக்கா!"

டீச்சர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தன் மூக்குக்குப் பயந்துதான் அவனே தேய்த்துக்கொள்கிறான் என்று அக்காவுக்கு உறைத்தது. பத்தாவது படிக்கிற மகள் ஒரு வருஷமாகத் தன் சட்டையை இவள் கையில் கொடுத்ததே இல்லை. 'எனக்கு ஒரு வேலை வைக்கமாட்டா' என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டதும் இவளேதான்.

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கொடியில் தொங்கிய மகளின் சட்டையை எடுத்து, தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வைத்தாள். முதலில் சோப்பு மணம் வந்தது. அப்புறம் சென்ட். 'கடவுளே, இதோடு போதும்' என்று வேண்டிக்கொண்டாள். அதற்கும் அடியிலிருந்து அது வந்தது, புருஷன் சட்டையில் வந்த அதே வாடை.

பள்ளி விட்டு வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா கையில் தன் சட்டை. முகம் வெளுத்தாலும் வாய் குறையவில்லை.

"ஊர்ல இருக்கற அம்மாங்ககிட்டல்லாம் போய்ச் சொல்லுவியே. இப்ப யாருகிட்டம்மா சொல்லுவ?"

அறையத்தான் கை எழுந்தது. பாதியில் இறக்கிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் சொன்னவள், வீட்டில் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது.

"உன்கிட்டதான். உக்காரு" என்றாள். "உங்கப்பா காய்ச்சல்ல போகலடி."