நான் சொல்லாத இடது பக்கம்

நான்கு வருடத்துக்கு முன்னால், கள்ளக்குறிச்சியில் நான் கல்லூரி இரண்டாம் வருடம் படித்தபோது நடந்தது இது. முதல் வருடம் முழுக்க எங்கள் பெண்கள் கால்பந்து அணிக்கு நான்தான் கோல்கீப்பர். அடுத்த வருடம் வெள்ளிமலையிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். என்னைவிட ஒரு சாண் உயரம். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவள். கோல் கம்பத்தை அதுவரை கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லையாம். பதினைந்தே நாளில் பி.டி. மேடம் அவளைக் கோலில் நிறுத்திவிட்டு, என்னைக் கம்பத்துக்குப் பின்னால் பந்து பொறுக்க அனுப்பிவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. சாதாரண எரிச்சல் இல்லை. அந்த சீசன் முழுக்க அவள் பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் வெளியே கைதட்டினேன், உள்ளே 'நழுவ விடு, நழுவ விடு' என்று வேண்டிக்கொண்டேன். சொந்த ஊரான மணலூர்பேட்டைக்குப் போனாலோ, கரும்பு வெட்டிவிட்டு வந்து முகம்கூடக் கழுவாமல் அம்மா கேட்பாள்: "இன்னா பாப்பா, இந்த வாட்டியாச்சும் உன்னை எறக்குனாங்களா?" இல்லை என்று சொல்லக் கூசும்.

இதில் கொடுமை, அவளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். மலையிலிருந்து வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தால் முதல் துண்டு எனக்குத்தான். வெட்கமே இல்லாமல் அதைத் தின்றுகொண்டே பொறாமைப்பட்டேன்.

எப்படியோ கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். முந்தின நாள் எல்லோரும் சாப்பிடப் போயிருக்க, எதிர் அணியின் ஆட்டத்தை நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். அவர்களுடைய கேப்டன் இரண்டு பெனால்டி அடித்தாள். இரண்டு தடவையும் கோல்கீப்பரின் வலது பக்கத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, இடது பக்கம் தரையோடு அடித்தாள்.

மறுநாள் இரண்டு பக்கமும் கோலே விழவில்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்களுக்குப் பெனால்டி. அதே கேப்டன் பந்தை வைத்தாள். எங்கள் வெள்ளிமலைக்காரி, கம்பத்துக்குப் பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏய், நேத்து பாத்துக்கினு இருந்தியே, எந்தப் பக்கம்டி அடிப்பா?"

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இடது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இதையும் இவள் பிடித்துவிட்டால் கடைசிவரை நான் பந்து பொறுக்க வேண்டியதுதான் என்று தோன்றியது.

"தெரியலடி, நான் கவனிக்கல" என்றேன்.

அவள் வலது பக்கம் பாய்ந்தாள். பந்து இடது பக்கம் போனது. தோற்றோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து அழுதாள். நான் தூங்குவதுபோல் நடித்தேன்.

அடுத்த வாரமே மேடம் என்னைக் கூப்பிட்டு, இனி நீதான் கோல்கீப்பர் என்றார். ஐயோ, அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! வெளியே வந்தால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நாந்தான் மேடம்கிட்ட சொன்னேன். நீ நின்னிருந்தா புடிச்சிருப்ப. என்னாலதான் எல்லாம் போச்சு. இனிமே நான் ஆட வரலடி."

சொன்னபடியே அவள் மைதானத்துப் பக்கம் வரவில்லை. நான் அடுத்த வருடமும் ஆடினேன், நன்றாகவே ஆடினேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

போன மாதம் வெள்ளிமலைக்காரி போனில் பேசும்போதுகூட, "அந்த ஒண்ணை மட்டும் புடிச்சிருந்தன்னா..." என்று இழுத்தாள். "வுடுடி, பழைய கதை" என்றேன். நான் தோற்கவைத்த ஆட்டத்தைத் தன்னால் தோற்றதாக நினைத்து அவள் இன்னும் வருந்துகிறாள். உண்மையைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை.