பத்து வரை எண்ணிய நர்ஸ்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலப் பிற்பகல். கல்கத்தா டாலிகஞ்சில் ஒரு தொலைக்காட்சி ஸ்டூடியோ. அங்கேதான் கேமரா முன்னால் முதல்முதலாக என் சொந்தக் குரலில் பேசப் போனேன்.

அதுவரை ஊமையா என்றால், சினிமாவைப் பொறுத்தவரை ஊமைதான்.

பாலிகஞ்சில் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். கணவருக்கு கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் வேலை. எங்கள் ஆபீஸ் கிளப் வருடா வருடம் துர்கா பூஜைக்கு முன்னால் நாடகம் போடும். ஒரு வருடம் பெண் வேடத்துக்கு வர வேண்டியவர் வரவில்லை. என்னைப் பிடித்து மேடையில் நிறுத்திவிட்டார்கள். பார்க்க வந்திருந்த சினிமா உதவி இயக்குநர் ஒருவர், "என்ன நேரான முதுகு தீதி உங்களுக்கு! நர்ஸுக்குன்னே பொறந்தவங்க" என்றார், அக்கா என்று கூப்பிடும் பெங்காலி மரியாதையோடு.

அன்று முதல் நான் நர்ஸ். பத்து வருடத்தில் பதினான்கு பெங்காலி படங்களில் நர்ஸ். கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி, கையில் டிரே, முகத்தில் அளவான கவலை. எத்தனையோ அப்பாக்களுக்குக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியிருக்கிறேன். எத்தனையோ முகங்களின்மேல் வெள்ளைத் துணியை இழுத்து மூடியிருக்கிறேன். நிஜ நர்ஸ் ஒருவரிடம் போய்த் தெர்மாமீட்டர் உதறக் கற்றுக்கொண்டு வந்தேன். அந்த உதறலில் டாலிகஞ்சில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று இன்றும் சொல்வேன்.

குரல் மட்டும் என்னுடையதில்லை. என் பெங்காலியில் மதராஸ் வாடை அடிக்கிறதாம். "வசனத்தை விடுங்க தீதி. ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க. உதடு அசைஞ்சாப் போதும், குரலை அப்புறமா வேற யாராவது குடுப்பாங்க" என்பார்கள்.

எண்ணினேன். ஏக், துய், தீன், சார். கோபமாக எண்ணினேன், அன்பாக எண்ணினேன். 'உங்களுக்கு ஆண் குழந்தை' என்றால் ஏழில் சிரிக்க வேண்டும். 'எங்களால் முடிந்ததைச் செய்துவிட்டோம்' என்றால் எட்டில் தொண்டை அடைக்க வேண்டும். பத்து எண்களில் ஓர் ஆஸ்பத்திரியின் அத்தனை துக்கத்தையும் சந்தோஷத்தையும் அடக்கி வைத்திருந்தேன்.

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. தமிழைவிட பெங்காலி சரளமாக வரும். பள்ளியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், படத்தில் வரும் நர்ஸ் என் அம்மா என்று. தோழிகள் வீட்டுக்கு வந்து நான் பேசுவதைக் கேட்டார்கள். அந்தக் குரல் எங்கே, இந்தக் குரல் எங்கே! மறுநாள் வகுப்பில் அவளுக்குப் 'புளுகி' என்று பெயர்.

"உன் வாய் மட்டும்தானேம்மா அங்க இருக்கு. பேசறது யாரோ" என்றாள். அதன்பின் என் படத்துக்கு அவள் வரவேயில்லை.

அந்தச் சமயத்தில்தான் தொலைக்காட்சி நாடக வாய்ப்பு வந்தது. இயக்குநர் கொஞ்சம் சிடுசிடுப்பானவர். "மாடியில குடியிருக்கிற மதராஸி டீச்சர் வேஷம். நீங்க வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ, அப்படியே பேசுங்க. அந்த வாடைதான் எனக்கு வேணும்" என்றார்.

ஆறே வரி. கடைசிக் காட்சி. மகன் வருவான் என்று படுக்கையில் காத்துக் கிடக்கும் கிழவரிடம், அவன் வரப்போவதில்லை என்று டீச்சர் போய்ச் சொல்ல வேண்டும். அரிசி களையும்போதும் டிராமில் தொங்கும்போதும் அந்த ஆறு வரியை மென்றுகொண்டிருந்தேன். "சாம்பார்ல உப்பு இல்ல, எல்லாத்தையும் வசனத்துல போட்டுட்டே போல" என்றார் கணவர்.

சினிமா மாதிரி துண்டு துண்டாக எடுக்க மாட்டார்கள் அங்கே. மூன்று கேமராக்கள் சுற்றி நிற்க, நாடகம் ஒரே மூச்சில் ஓடும். யார் தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பம். முதல் தடவை பாதியில் ஒருவர் கை தவறி டம்ளரைப் போட்டுவிட்டார். இரண்டாம் தடவை தொடங்கும்போது மணி நாலேகால். ஐந்து மணிக்குச் செய்திப் பிரிவுக்கு இடத்தைக் காலி செய்தாக வேண்டும். இது கெட்டால் நாடகமே இல்லை.

என் முறை வந்தது. கதவைத் திறந்து நடந்தேன், கட்டிலருகே உட்கார்ந்தேன். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறந்தேன்.

"ஏக்... துய்... தீன்..."

என் காதில் என் குரலே விழுகிறது. நிறுத்த முடியவில்லை. பத்து வருடப் பழக்கம் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. கண்ட்ரோல் ரூம் கண்ணாடிக்குப் பின்னால் இயக்குநர் எழுந்து நிற்பது தெரிந்தது. போயிற்று, இத்தனை பேருடைய உழைப்பும் போயிற்று, என் பெண் புளுகியாகவே இருக்கப் போகிறாள்.

அப்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. கிழவராக நடித்த பெரியவர், மூடிய கண் மூடியபடியே, தன் மணிக்கட்டை என் விரல்களுக்குள் வைத்தார். என் விரல்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? நாடியைத் தேடிப் பிடித்தன. முகம் அத்தனை அமைதியாக இருந்த அந்த மனிதரின் நாடி குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "சார்... பாஞ்ச்..." என்று எண்ணிக்கொண்டே அதோடு போனேன்.

"எண்ணிட்டியாம்மா?" என்றார் அவர், எழுதிக் கொடுக்காத ஒரு வசனத்தை. "இன்னும் இருக்கேன். வந்த சேதியைச் சொல்லு."

சொன்னேன். ஆறு வரியும் மதராஸ் வாடையோடு, என் தொண்டையிலிருந்து, ஒன்றின்பின் ஒன்றாக வந்தன. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சிவப்பு விளக்கு அணைந்தது.

இயக்குநர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "யார் உங்களை எண்ணச் சொன்னது?" என்று ஒரு கத்தல். அடுத்த மூச்சில், "இதை ஒத்திகையிலேயே ஏன் செய்யல? இன்னும் கிட்டப் போய் எடுத்திருப்பேனே!" என்றார்.

பெரியவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். "விடும்மா" என்று சிரித்தார். "இருபது படத்துல பிணமா நடிச்சவன் நான். எனக்கும் நாடி உண்டுன்னு காட்ட ஒரு வாய்ப்புக் கிடைச்சா விடுவேனா?"

இரண்டு வாரம் கழித்து ஒளிபரப்பானது. எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் மட்டும்தான் டி.வி. அந்தக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மகளின் தோழிகளும் வந்திருந்தார்கள். தினமும் மின்சாரத்தைப் பறிக்கும் லோட்ஷெட்டிங்கும் அன்று பெரிய மனது பண்ணிவிட்டது. நான் எண்ண ஆரம்பித்ததும் கணவர் "போச்சுடா!" என்று முணுமுணுத்தார். மற்றவர்கள் நாடி பார்ப்பதாகவே நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் குரல் வந்தது. அந்தத் தோழிகளில் ஒருத்தி திரையைப் பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்து அவளிடம் ஒரே வார்த்தை சொன்னாள். "ஷுன்லி?" கேட்டியா என்று அர்த்தம். அதைவிடப் பெரிய விருது எதுவும் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு தலைமை ஆசிரியையாக வந்தேன், வக்கீலாக வந்தேன், வாடகை கேட்டு மிரட்டும் வீட்டுக்காரியாக வந்தேன். நர்ஸாகவும்தான் வந்தேன், பேசுகிற நர்ஸாக. இப்போது நாற்பத்தெட்டு வயதாகிறது. எதிரே நிற்கும் புதியவர் யாராவது வசனம் வராமல் விழித்தால், என் கை என்னைக் கேட்காமலே அவர் பக்கம் நீள்கிறது. பதறித் துடிக்கும் தன் நாடியை மறைத்துக்கொண்டு எனக்கு ஒருவர் கை நீட்டிய அந்தப் பிற்பகலுக்கு, நான் நடிக்கும் ஒவ்வொரு வேடத்திலும் ஓர் இடம் வைத்திருக்கிறேன்.