வலது வரிசைச் சாப்பாடு

தட்டைக் கூண்டுக்குள் வைக்கும் முன் விரல் நுனியால் மாவைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்கிறார். கண்ணை மூடுகிறார். "ம், லைசின் கொறையுது" என்கிறார். டப்பாவின் மேலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் இவருக்கு எலிச் சமையல்காரர் என்று பெயர். இருபத்து நான்கு வெள்ளை எலிகளுக்கு இவர்தான் தீவனம் கலக்குகிறார். இடது வரிசைக் கூண்டுகளுக்குப் போகும் மாவில் லைசின் என்ற ஓர் அமினோ அமிலம் மட்டும் குறைவு. வலது வரிசைக்கு எல்லாமே அளவாக இருக்கும். நான்கு வாரம் கழித்து இரண்டு வரிசை எலிகளின் ஈரலையும் எடுத்து, அதிலுள்ள நொதிகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஆராய்ச்சி மாணவி ஒப்பிட்டுப் பார்ப்பார். அவருடைய பட்டமே அதில்தான் இருக்கிறது.

இடது வரிசை எலிகள் இரண்டு வாய் தின்றதும் தட்டுக்கு முதுகைக் காட்டிவிடும். இவருக்கு அது சொந்த அவமானம். கோபித்துக்கொண்ட சம்பந்தியிடம் பேசுவதுபோலக் கூண்டு கூண்டாகக் குனிந்து, குறை தன் கையில் இல்லை என்று விளக்குகிறார். "என் சாப்பாட்டை ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொல்லிருக்கீங்களா? எலிகிட்ட மட்டும் கெஞ்சுங்க" என்பாராம் மனைவி.

போன மாதம் மருத்துவர் இவருடைய இரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, ஈரல் நொதி ஏறியிருக்கிறது, சமச்சீராகச் சாப்பிடுங்கள் என்றார்.

மூன்றே வாரத்தில் வலது வரிசை எலிகள் இளைத்தன. கொழுக்க வேண்டிய வரிசை அது. நிறுத்துப் பார்த்த மாணவி, கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒப்பிட ஒழுங்கான வரிசை இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பு வீண். தட்டில் ஏதாவது குறைகிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

இவர் எதையும் மறைக்கவில்லை.

"தட்டுக்கு அரை ஸ்பூன் நான்தாம்மா எடுத்துக்கிட்டேன். டாக்டர் சமச்சீரா சாப்பிடச் சொன்னார். இந்தக் கட்டடத்துல அப்படிச் சாப்பிடறது இந்தப் பன்னெண்டு பேர்தானே."

சட்டைப்பையிலிருந்து புது இரத்த அறிக்கையை எடுத்து நீட்டினார். நொதி இறங்கியிருந்தது. மாணவி அதை இரண்டு முறை படித்தார்.

"அப்போ வலது வரிசையில ஒழுங்கா சாப்பிட்டது நீங்க ஒருத்தர்தான்" என்றார். "புது எலி வர்றதுக்குள்ள எனக்கு ஆய்வேடு குடுக்கிற நாள் முடிஞ்சிடும். வெள்ளிக்கிழமை ஈரல் எடுக்கிறேன். உங்களையும் சேத்துக்கறேன்."

மாணவி சிரிக்கவில்லை. இவர் ஸ்பூனை டப்பாவுக்குள் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் வலது விலாவைப் பொத்திக்கொண்டார்.